பஸ் எண், இறங்கும் இடம்

கடப்பாக்கம்
14-9-2003

திரு. ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சட்டை நன்றாக இருந்தது.

மெயில் போடாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெயில் என்றால் நீங்கள் 'ஓகே, பார்க்கிறேன்' என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். கடிதம் என்றால் பேனாவை எடுத்து உட்கார வேண்டும். உங்களை உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

காலேஜ் கடைசி வருஷத்தில் நாம் ஆரம்பித்த ரத்ததான சைட்டை இதுவரை சும்மா வைத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனி, அக்டோபர் 31-ஆம் தேதியோடு இலவசத்தை நிறுத்துகிறதாம். முகப்பில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். அதன் பிறகு பக்கமும் போய்விடும், அதற்குப் பின்னால் இருக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலும் போய்விடும். கடவுச்சொல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பாப்பா முழுகாமல் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் ரத்தம் போகலாம், போனால் நிறையப் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு ஓ நெகட்டிவ். அவளுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்றலாம். எனக்கும் அவள் புருஷன் ராஜேந்திரனுக்கும் பி பாசிட்டிவ். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

சைட்டுக்கு ஒரு இடம் பார்க்கவும்.

இப்படிக்கு,
ஞா. கிருபாகரன்


ஹைதராபாத்
21-9-2003

அன்புள்ள கிருபா,

'திரு' போட்டு எழுதியிருக்கிறாய்.

பேப்பரில் நம் சைட் பற்றி வந்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த நிருபரிடம் உன் பெயரை இரண்டு தடவை சொன்னேன். அவர் போடவில்லை. அவர் போடாததற்கு நான் என்ன செய்வது?

பாப்பா விஷயம் கேட்டு மனசு சரியில்லை. அம்மாவிடம் சொன்னேன். அணுபுரத்திலிருந்து ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொல்கிறாள்.

ஹோஸ்டிங் பற்றி நான்கு நாட்களாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வேறு இலவச இடங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பக்கங்கள் மட்டும்தான் வைக்கலாம், டேட்டாபேஸ் கிடையாது. நம்முடையதில் பக்கம் வெறும் சட்டை, உயிர் டேட்டாபேஸில் இருக்கிறது. யார் என்ன குரூப், கடைசியாக எப்போது கொடுத்தார், தொண்ணூறு நாள் ஆகிவிட்டதா என்பதையெல்லாம் அதுதான் பார்த்துச் சொல்கிறது. ஒரு இலவசக்காரன் டேட்டாபேஸ் தருகிறான். ஆனால் முப்பது நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அழித்துவிடுவான். கூடவே ரத்தம் தேடி வருகிறவனுக்கு நடுவில் சூதாட்ட விளம்பரம் காட்டுவான்.

நல்ல அமெரிக்க இடம் ஒன்று மாதம் ஏழு டாலர். வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நூறு எம்.பி. இடம், சைட் விழுந்தால் உடனே தூக்கி நிறுத்துவான். கிரெடிட் கார்டு இருந்தால்தான் சேர்த்துக்கொள்வான். எனக்கு இன்னும் கார்டு வரவில்லை. டீம் லீடரிடம் இருக்கிறது, அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இல்லையென்றால் சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. அமெரிக்க சர்வரில் மொத்தமாக இடம் வாங்கித் துண்டு போட்டு விற்கிறார்கள். வருஷம் தொள்ளாயிரம், டி.டி. எடுத்து அனுப்பினால் போதும், ஆனால் மூன்று எம்.பி.தான். ஒரே சர்வரில் இன்னும் எத்தனை பேரைத் திணித்திருக்கிறார்களோ தெரியாது.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாள் இருக்கிறது, பயப்படாதே.

ஹரி


கடப்பாக்கம்
28-9-2003

ஹரிகிருஷ்ணனுக்கு,

நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இருக்கிறது.

நூறு எம்.பி., மூன்று எம்.பி. எல்லாம் எனக்கு முக்கியமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் மெஷின் காலியாகக் காத்திருந்து, உட்கார்ந்து, ஓ நெகட்டிவ் என்று தேடினால் பெயர் வருமா வராதா? அதற்கு எந்தக் கம்பெனி சரியோ அதை எடு. நாலாயிரம்தான் சரியென்றால் அதை எடு, என் சம்பளத்தில் பாதியை மணியார்டர் செய்கிறேன். டீம் லீடரிடம் கேட்கக் கூச்சம் என்கிறாய். நான் அறுநூறு பேரிடம் போய் 'சார், உங்க ரத்தம் என்ன குரூப்பு' என்று கேட்டவன். கூச்சத்தைப் பற்றி என்னிடம் பேசாதே.

அந்தப் படிவங்கள் எங்கே? நான் கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ் நிறுத்தங்களில் நின்று எழுதி வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்ற உன்னிடம் கட்டாகக் கொடுத்தேனே. அதை அனுப்பிவிட்டால் சைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சமாளித்துக்கொள்வேன்.

பாப்பாவை இங்கே படுக்கையில் போட்டிருக்கிறோம். எழுந்திருக்கக் கூடாதாம். "அண்ணாத்த, நான் இன்னா கண்ணாடி பாட்டிலா, ஆளாளுக்கு அசையாத அசையாதன்னு சொல்லிகினு கீறீங்க" என்கிறாள். சிரிக்கிறாள்.

கிருபாகரன்


ஹைதராபாத்
9-10-2003

அன்புள்ள கிருபா,

படிவங்கள் இல்லை. எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஜூலையில் எங்களுக்கு வேறு குவார்ட்டர்ஸ் மாற்றினார்களே, அப்போது அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாது. திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

ஆக, டேட்டாபேஸ்தான் எல்லாம். இது தெரிந்ததிலிருந்து எனக்கும் தூக்கம் குறைந்துவிட்டது. மொத்தத்தையும் இறக்கி ஒரு சி.டி.யில் எழுதி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு நிம்மதி.

டீம் லீடரிடம் கேட்டேன். கார்டை வேறு யாருக்கும் தருவதில்லை என்றார். அதனால் பாரிமுனைக் கம்பெனிக்கே போகிறேன். அவசரத்தில் எடுத்த முடிவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெயில் போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவர்களிடம் இருக்கும் நான்கு சைட்டுகளைத் தினமும் மூன்று வேளை திறந்து பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைதான் திறக்கவில்லை. டி.டி. நேற்று அனுப்பிவிட்டேன். நீ பணம் எதுவும் அனுப்பாதே.

ஒரு சிக்கல். நம் சைட் மூன்று எம்.பி.யைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. தேவையில்லாததைக் கழித்துக்கட்ட வேண்டும். அது என் பொறுப்பு.

ஹரி


கடப்பாக்கம்
17-10-2003

ஹரி,

பழைய பேப்பர்காரன் எடைக்குப் போட்டிருப்பான். நான் மார்ச் மாத வெயிலில் நின்று வாங்கிய கையெழுத்துகள் ஒரு கிலோ இருந்திருக்குமா? திட்டவில்லை. உன் அம்மா பத்தாம் தேதி இவ்வளவு தூரம் பஸ் மாறி வந்து, பாப்பா தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்ட வாய் வராது.

மழை ஆரம்பித்துவிட்டது. இங்கே இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. பாப்பாவுக்குத் திங்கட்கிழமை லேசாக ரத்தம் பட்டது, தானே நின்றுவிட்டது. டாக்டரம்மா, "அடுத்த தடவை நிக்காது, செங்கல்பட்டுலயே ஒரு வூடு பாத்து வெச்சிக்குங்க, ரத்தம் குடுக்க ஆளையும் பாத்து வெச்சிக்குங்க" என்று சொன்னார். நகரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து அவளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். நானும் பாதி நாள் அங்கேதான்.

நம் பட்டியலில் ஓ நெகட்டிவ் பதினொரு பேர். அதில் பதினோராவது ஆள் நீ. எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. நேராகவே கேட்கிறேன். நவம்பர் பத்திலிருந்து இருபத்தைந்து வரை லீவு போட்டு ஊரில் இரு. சும்மா அணுபுரத்தில் படுத்துத் தூங்கு, போதும். சர்வர் பார்க்க வேறு ஆள் கிடைக்கும்.

கிருபா


ஹைதராபாத்
27-10-2003

அன்புள்ள கிருபா,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நவம்பர் பதினேழாம் தேதி எங்கள் பிராஜெக்ட் அமெரிக்காவில் ஓட ஆரம்பிக்கிறது. தீபாவளிக்கே விடவில்லை. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, இப்போது லீவு கேட்டால் வேலையை நிரந்தரமாக்க மாட்டார்கள். நீ புரிந்துகொள்வாய். புரிந்துகொள்ளாவிட்டாலும் என் நிலைமை இதுதான்.

என்னால் முடிந்தது சர்வர். அதை முழு மனசோடு செய்துகொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றிவிட்டேன். 31-ஆம் தேதி நம் சைட்டின் பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். அது ஊரெல்லாம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் சைட் தெரியாமல் போகலாம், பதறாதே.

இடத்துக்குள் அடைக்கச் சில சாமான்களைத் தூக்கிவிட்டேன். வந்தவர்கள் வாழ்த்து எழுதிய பக்கம், யார் எப்போது வந்தார்கள் என்ற கணக்கு, ஊரை விட்டுப் போன முப்பத்து நான்கு பேர். அப்புறம் பயன்படாத ஒன்றிரண்டு கட்டங்கள். இப்போது 2.9 எம்.பி. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

எதற்கும் சைட் வந்ததும் ஓ நெகட்டிவ் பட்டியலை ஒரு பிரின்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். பெயரும் போன் நம்பரும் வரும்படி செய்திருக்கிறேன்.

ஹரி


செங்கல்பட்டு
3-11-2003

ஹரி,

வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை சைட் இல்லை. இரண்டு நாள் என்று நீ எழுதியிருந்ததைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நாலு தடவை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வெள்ளைப் பக்கம் வரும்போதெல்லாம் பாப்பா முகம்தான் கண்ணில் நின்றது. கடைக்காரர், "இன்னா சார், பரீட்சை ரிசல்ட்டா" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நேற்று மாலை வந்துவிட்டது. பிரின்ட் எடுத்தேன். பத்துப் பெயர்தான் இருக்கிறது. யாரைக் காணோம் என்று விரல் வைத்து எண்ணினேன். உன்னைத்தான் காணோம். ஊரை விட்டுப் போன முப்பத்து நான்கு பேரில் நீயும் ஒருவன் என்று அப்புறம்தான் புரிந்தது. கச்சிதமாகத்தான் தூக்கியிருக்கிறாய்.

அது இருக்கட்டும். பஸ் எங்கே? ஒவ்வொரு பெயரையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். 'பஸ் எண், இறங்கும் இடம்' என்று நான் படிவத்தில் போட்டு வாங்கின கட்டம் இல்லை. அதைத்தான் பயன்படாத கட்டம் என்றாயா? காலேஜிலேயே அதற்குக் கண்டக்டர் கட்டம் என்று பெயர் வைத்துச் சிரித்தவன் நீ. உங்கள் வீட்டில் போன் இருக்கிறது, அடித்தால் அம்மா எடுப்பார்கள். அணுமின் நிலைய ஸ்டோரில் வேலை செய்கிற எனக்குத் தெரியும், உள்ளே போனவனுக்குச் செல்போன் கிடையாது, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவனைப் பிடிக்க முடியாது. அவனைப் பிடிக்கிற ஒரே இடம் அவன் இறங்குகிற பஸ் ஸ்டாப்.

உடனே திருப்பிப் போடு.

கிருபா


ஹைதராபாத்
8-11-2003

கிருபா,

கோபப்படாமல் கேள். ஒரு ஆளுக்குப் போன் நம்பர் இருக்கும்போது பஸ் எண் எதற்கு? பஸ் மாறும், ஆளும் மாறுவான். நாளைக்கு யாராவது பார்த்தால் டேட்டாபேஸில் பஸ் ஸ்டாப் எதற்கு என்று கேட்பார்கள். இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். பழைய நகல் சி.டி.யில் பத்திரமாக இருக்கிறது. பதினேழாம் தேதி பிராஜெக்ட் முடிந்த கையோடு சேர்த்துவிடுகிறேன். பத்து நாள் பொறு. இப்போது எனக்கு மூச்சு விட நேரமில்லை.

என் பெயரைத் தூக்கியது வேண்டுமென்று இல்லை. 'ஊரில் இல்லை' என்று இருந்த எல்லாரையும் ஒரே கட்டளையில் எடுத்தேன். அதில் நானும் போயிருக்கிறேன். எனக்கே நீ சொல்லித்தான் தெரியும்.

தைரியமாக இரு. சைட் இந்த வாரம் ஒரு தடவைகூட விழவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஹரி


கடப்பாக்கம்
18-11-2003

ஹரி,

உன் எட்டாம் தேதிக் கடிதம் வீட்டுக் கதவிடுக்கில் கிடந்தது. ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்து எடுத்துப் படித்தேன். பத்து நாள் பொறு என்று எழுதியிருக்கிறாய்.

உன் அம்மா போனில் சொல்லி, பதினாலாம் தேதி காலையில் நீ ரயிலை விட்டு இறங்கி, பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். ரத்தம் கொடுத்தாய். வராண்டாவில் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றாய். நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் கையும் சேர்ந்து நீளும் என்று பயந்தேன். அன்றைக்குச் சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை இரண்டரை மணிக்கு ஆரம்பித்தது. அறையிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம், ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆட்டோ சீட் முழுக்க ரத்தம். உள்ளே ஓ நெகட்டிவ் ஒரு பாட்டில்தான் இருந்தது, ஏற்றிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு வோணும், சீக்கிரம்" என்றார்கள். நான் உன் பிரின்ட்டை எடுத்துக்கொண்டு போன் பூத்துக்கு ஓடினேன்.

பத்துப் பேர். இரண்டு பேர் போன மாதம்தான் கொடுத்தவர்கள். ஒருவருக்கு மும்பைக்கு மாற்றல். நாலு பேர் கல்பாக்கம், அணுபுரம் குவார்ட்டர்ஸ். வீட்டில் போனை எடுத்தார்கள், சார் டூட்டியில் இருக்கிறார், ஆறு மணிக்கு வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, மாறி, செங்கல்பட்டுக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம். மிச்சம் மூன்று பேர் செங்கல்பட்டிலேயே குடியிருக்கிறவர்கள். ஜானகிராமன், சாரதாம்பாள், சீனு. மூன்று போனும் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, மூன்று பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் ஊருக்குள் எட்டு ஸ்டாஃப் பஸ் வருகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. இவர்கள் எதில் வருவார்கள், எங்கே இறங்குவார்கள்? நான் என் கையால் எழுதியதுதான். தலையைப் போட்டு உடைத்துக்கொண்டேன், ஞாபகம் வரவில்லை. அறுநூறு பேரில் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும், அதற்குத்தானே எழுதி வைத்தோம்.

ராஜேந்திரனைப் பாப்பாவிடம் விட்டுவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி திருக்கழுக்குன்றம் ரோடு ஊருக்குள் நுழையும் இடத்தில் போய் நின்றேன். அங்கேதான் எல்லா பஸ்ஸும் வந்தாக வேண்டும் என்று நினைத்தேன். மழை. முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவதில் ஏறிக் கத்தினேன், மூன்று பேரும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். டிரைவர் லட்சுமணன் என்று பிறகு தெரிந்தது. "யோவ், சாவ என் வண்டிதான் கெடச்சுதா" என்று தலையை நீட்டினார். சொன்னேன். அவரே எழுந்து உள்பக்கம் திரும்பி, "ஜானகிராமன் சார் கீறாரா, சாரதாம்பாள்னு மேடம் யார்னா கீறாங்களா, ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு உசிருக்குப் போராடிகினு கீது" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேரும் அந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள். லட்சுமணன் என்னையும் ஏற்றி, நாற்பது பேரோடு பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்போது ஆறே முக்கால்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, இரண்டு கிலோ. அது நீயும் பார்த்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது நீ வந்த அன்று உனக்குத் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. நேற்றுத்தான் அவளிடம் சொன்னோம். "ஒண்ணு போதும்னுதான் நானே நெனச்சிகினு இருந்தேன் அண்ணாத்த" என்றாள். பொய் சொல்கிறாள். மூன்று வேண்டும் என்று ராஜேந்திரனிடம் சண்டை போட்டவள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நீ ரயிலேறிப் போன மறுநாள் சீனு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எப்படியோ கேள்விப்பட்டு, பதறிப்போய் வந்தார். "அஞ்சே முக்காலுக்கு மூணாம் நம்பர் பஸ்ல வந்து எறங்கினேன் சார். எப்பவும் இந்த ஆஸ்பத்திரி எதிர்லதான் எறங்குவேன். தோ, அந்தக் கடையில டீ குடிச்சிட்டு, பேப்பர் பாத்துட்டு வூட்டுக்குப் போனேன்." கையை நீட்டிக் காட்டினார். எனக்கு நிற்காமல் போன முதல் பஸ் அதுதான். பாப்பா படுத்திருந்த அறை ஜன்னலிலிருந்து அந்த டீக்கடை தெரிகிறது.

நான் ரோட்டைத் தாண்டியிருந்தால் போதும்.

ஒரு மணி நேரம் முன்னால் ரத்தம் கிடைத்திருந்தால் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுப்பா. இப்ப அதக் கேட்டு இன்னா பண்ணப்போற" என்றார். ஆமாம், ஒன்றும் பண்ணப்போவதில்லை. உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

கிருபா


ஹைதராபாத்
26-11-2003

கிருபா,

சமாதானம் சொல்ல எழுதவில்லை.

உன் கடிதம் வந்ததும் பெட்டியிலிருந்து அந்த சி.டி.யை எடுத்துப் போட்டேன். நானூற்றுப் பதினேழாவது பெயர் சீனு. ஓ நெகட்டிவ். பஸ் எண் மூன்று. இறங்கும் இடம்: ஆஸ்பத்திரி எதிரில், டீக்கடை. நீ எழுதியபடியே இருக்கிறது. நான்தான் தட்டி ஏற்றியிருக்கிறேன், இரண்டு வருஷம் முன்னால், என் கையால்.

அந்தக் கட்டங்கள் எவ்வளவு இடம் பிடித்தன என்று பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினெட்டு கே.பி. மூன்று எம்.பி.யில் அது ஒரு மூலைக்குக் காணாது. அப்படியானால் இடத்தை எது அடைத்துக்கொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகப்பில், பேப்பரில் வந்த செய்தியை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். என் போட்டோவோடு. அது மட்டும் முன்னூற்று நாற்பது கே.பி. சைட்டை மாற்றும்போது தேவையில்லாததை எல்லாம் தேடித் தேடித் தூக்கியவனுக்கு அதைத் தூக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றிவிட்டு வேண்டாம் என்று விட்டிருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது.

இன்னொன்று. நிருபரிடம் உன் பெயரை இரண்டு தடவை சொன்னேன் என்று எழுதினேன். சொல்லவில்லை. நண்பர் ஒருவர் உதவி செய்தார் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை.

நீ கூப்பிட்டபோது வந்திருக்க வேண்டும். ஏழு டாலரா தொள்ளாயிரமா என்று மூன்று வேளையும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கு ஏதோ செய்கிற மாதிரி இருந்தது. சர்வர் கடைசி வரை விழவே இல்லை. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டேன். போட்டோவை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'பெயர்களைச் சேகரித்தவர்: ஞா. கிருபாகரன், கடப்பாக்கம்' என்று போட்டிருக்கிறேன். கடவுச்சொல்லைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இனி நீயும் உள்ளே போய் எதையும் மாற்றலாம். பாப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்தால் நேரில் வந்து சொல்வேன்.

ஹரி


கடப்பாக்கம்
14-12-2003

மச்சான்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கெட்ட வார்த்தையாக வந்திருக்கும். அதனால் ஆறட்டும் என்று விட்டேன். முழுக்க ஆறவில்லை. ஆறும் என்றும் சொல்ல மாட்டேன்.

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், போட்டோ விஷயம் உட்பட. "அந்தப் போட்டோல ஹரி அண்ணன் நல்லாதான் இருந்தாரு, பாவம்" என்றாள். எனக்குத்தான் அவள் மாதிரி மனசு இல்லை. நாள் முழுக்கக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இறக்கி விட மாட்டேன் என்கிறாள்.

நேற்று பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். முதல் வேலையாக என் பெயரை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் ஆஸ்பத்திரி எதிர் டீக்கடை போன் நம்பரைப் போட்டிருக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டேன், "போட்டுக்கோ நைனா, யார் பேரச் சொன்னாலும் பஸ்ஸுல ஏறிக் கூவறதுக்கு நானாச்சு" என்றார். அந்த ஆளுக்கு மூன்றாம் நம்பர் பஸ்ஸில் யார் யார் என்று முகம் முகமாகத் தெரிகிறது. இரண்டு வருஷம் முன்னாலேயே அவரிடம் போயிருக்க வேண்டும் நாம்.

இரண்டு ஞாயிறு தவிர தினமும் சாயங்காலம் ஒரு பஸ்ஸில் ஏறி, பழைய விவரம் சரிதானா என்று கேட்டு எழுதி வருகிறேன். பஸ் மாறும், ஆளும் மாறுவான் என்று நீ எழுதியது உண்மைதான். நாற்பத்தெட்டுப் பேர் பஸ் மாறியிருக்கிறார்கள். ஏழாம் நம்பர் முடிந்தது, லட்சுமணன் என்னைக் கண்டதும் ஹாரன் அடிக்கிறார். தொள்ளாயிரம் ரூபாய் இடம் இப்போதைக்குப் போதும். அடுத்த அக்டோபரில் எங்கே மாற்றுவது என்று செப்டம்பரிலேயே பேசிக்கொள்வோம், கடைசி நேரத்தில் வேண்டாம்.

உன் பெயரையும் மறுபடி சேர்த்திருக்கிறாய், பார்த்தேன். கடைசியாகக் கொடுத்த நாள் நவம்பர் பதினாலு. அடுத்துக் கொடுக்கலாம் என்று சைட் சொல்கிற நாள் பிப்ரவரி பன்னிரண்டு. உன் பெயருக்கு நேராக ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த ஒன்றுதான் காலி.

எந்த வண்டி, எங்கே இறங்குவாய் என்று எழுது. நிரப்ப வேண்டும்.

கிருபா